ஊசிக்குப் பயந்தவன்

கொட்டகலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் இரத்ததான முகாம். தலைவர் பழனியாண்டியின் சாரதி ஜீவராஜ், திரைக்குப் பின்னால் இருந்த டாக்டரிடம் போனான். இரத்தம் கொடுக்காமலே வெளியே வந்தான்.

தலைவர் விடவில்லை.

"கொழுந்தெடுக்குற மீனம்மா குடுத்துட்டு டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒனக்கு என்னடா? ஊசிக்குப் பயமா? மீசைய எடுத்துரு."

கூட்டம் சிரித்தது. இனி தலைவர் வண்டியை மீனம்மாவே ஓட்டட்டும் என்றார் ஒருவர்.

திரைக்குப் பின்னால் அவன் எதையும் மறைக்கவில்லை. போன மாதம் காய்ச்சல், தொண்டை வலி, நெஞ்சில் சிவப்புத் தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டி. பத்து நாளில் எல்லாம் தானாகவே போய்விட்டது. அதற்கு முன் யாரோடாவது பாதுகாப்பில்லாமல் இருந்ததுண்டா என்று டாக்டர் கேதீஸ்வரி கேட்டார். மே தினத்துக்குக் கொழும்பு போனபோது, விடுதியில், ஒரு ராத்திரி என்றான்.

"தம்பி, இது எச்.ஐ.வி.யின்ர ஆரம்ப அறிகுறியா இருக்கலாம். வெறும் காய்ச்சலாவும் இருக்கலாம். சோதிச்சாத்தான் தெரியும். சில பேருக்கு ஒரு அறிகுறியும் வராது. வேளைக்குக் கண்டுபிடிச்சா மருந்து இருக்கு, நல்லா வாழலாம். ஆனா இப்ப இரத்தம் குடுக்கக் கூடாது. புதிசா தொத்தினது சோதனையிலயும் தப்பலாம். இண்டைக்கு எடுக்கிறது பிள்ளை பெறுற பொம்பிளையளுக்குத்தான் போகும்."

சோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவன் வெளியே நின்றான்.

அடுத்து தலைவர் முறை. நோய், பாதுகாப்பில்லாத உறவு பற்றிப் படிவத்தில் கேட்டிருந்த எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டிருந்தார். டாக்டரிடமும் அதையே சொன்னார். கட்டிலில் சாய்ந்து சட்டைக்கையை மடித்தார். சுற்றிலும் படம் பிடிக்க ஃபோன்கள் உயர்ந்தன.

ஜீவராஜ் பக்கத்தில் போய்க் குனிந்தான். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"தலைவரே, எனக்கு எச்.ஐ.வி. இருக்கலாம்னு டாக்டரம்மா சந்தேகப்படுறாங்க. அதான் குடுக்கல. அன்னைக்கி என்னை அந்த விடுதிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. பக்கத்து ரூமுல நீங்களும் தனியா இல்ல. காய்ச்சல் வரலேன்னு இருந்துறாதீங்க, சோதிச்சுப் பாருங்க. இந்த ரத்தம் நம்ம பொம்பளைங்களுக்குத்தான் போகுது."

தலைவர் சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்குச் சுகர் இருக்குங்க டாக்டர், சொல்ல மறந்துட்டேன். அடுத்த தோழரைக் கூப்பிடுங்க."