சிவப்பு லென்ஸ்

தாமஸுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் போர்ட் பிளேரில் மாலுமி வேலைக்கான கண் சோதனையில் அதிகாரி ஜம்புலிங்கம் அவனை இருமுறை விரட்டியிருந்தார்.

கடல் தாண்டி மெயின்லேண்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் மங்கையர்க்கரசி, பலமுறை இழைத்துத் திருத்தி, ஒரு கண்ணில் மட்டும் பொருத்தும் சிவப்பு லென்ஸ் செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வந்த தாமஸ், காட்டிய விளக்குகளின் நிறத்தையெல்லாம் சரியாகச் சொன்னான்.

ஜம்புலிங்கம் சந்தேகத்தோடு அவன் முகத்தருகே குனிந்தார்.

"லென்ஸ் போட்டு ஏமாத்துறியா, சோர், திருட்டுப் பயலே! உன்ன நம்பிக் கப்பல விட்டா எத்தனை பேர் சாவாங்க? நிக்கல் ஜாவ், வெளிய போ!"

"இப்பத்தான் நிறம் தெரியுதே சார், அப்புறம் என்ன?"

"குருட்டுப் பயலே, எதிர்த்தா பேசுற?"

ஆத்திரத்தில் அவர் கண்ணை உருட்டினார். அவருடைய இடது கண்மணியிலிருந்து சிவப்பு லென்ஸ் ஒன்று நழுவி, வெள்ளைவிழியில் வந்து நின்றது.

"சார், உங்களோடது நழுவிருச்சு" என்றான் தாமஸ்.