இன்னும் ஒரு சுற்று

"இந்த விஜிஏ கார்ட் உங்கட பெட்டிக்குச் சரிவராது தம்பி. வேற கேளுங்க, தாறன்."

கம்பியூட்டர் கடை முஹ்ஸின் நானா இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். றொபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியூட்டர் பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி, எத்தாளையிலிருந்து புத்தளம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் அவன். இங்கே கடைக் கண்ணாடி அலுமாரிக்குள், மூன்று விசிறியோடு, திரையில் படம் காட்டும் அந்தப் பெரிய கார்ட் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"காசு கொண்டந்திருக்கிறன் நானா. சும்மாவா கேக்கிறன்?"

"காசில்ல பிரச்சினை. உங்கட பவர் சப்ளை நானூற்றைம்பது வோட். இது கேக்கிறது எழுநூற்றைம்பது. மிச்சத்துக்கு எங்க போறது? விரலுக்குத் தக்க வீக்கம் வேணும் தம்பி."

"சந்திக் கடைக்காரர் ஒரு வயர் குடுத்துப் பூட்டினா ஓடும் எண்டாரே?"

"குழாய் ரெண்டு பூட்டினா தாங்கியில தண்ணி கூடுமா?"

"அப்ப பவர் சப்ளையையும் மாத்துங்க."

"பெரிசு கொழும்பிலயிருந்து வரோணும். அடுத்த கிழமைதான்."

அடுத்த கிழமை வந்து என்ன, வராமல் விட்டு என்ன? போட்டி இந்த ஞாயிற்றுக்கிழமை. இணையத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தின் மாவட்ட இறுதி. வெல்கிறவர் கொழும்புக்குப் போகலாம். போன வருடமும் றொபி இறுதிவரை வந்தான். கடைசி வளைவில் படம் இழுத்து இழுத்து வந்து, வெற்றி கைநழுவிப் போனது. இந்த முறையும் தோற்றால் பெட்டியை விற்றுவிடுவேன் என்று அப்பா நிக்கொலஸ் மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டார். அங்கே நின்று சொன்ன சொல்லை அவர் மாற்றியதாகச் சரித்திரமே இல்லை.

"எதிர்க்க ஓடுறது ஆரு?" பெட்டியின் மூடியைக் கழற்றியபடி கேட்டார் நானா.

"போன வருசம் வெண்டவன்தான். கருவாடு எண்டு பேர் வச்சிருக்கிறான். எங்கட பக்கம் ஆளை ஒருத்தரும் கண்டதில்ல. இந்த முறை அவனைப் பொரிச்சுத் திங்காம விடமாட்டன்!"

நானாவின் கையிலிருந்த திருகாணிச் சாவி கொஞ்சம் நின்று, மறுபடி சுழன்றது.

"பொரிச்சா ருசியாத்தான் இருக்கும்" என்றவர், இரண்டு விசிறி வைத்த சின்னக் கார்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். "இது உங்கட சப்ளைக்குக் கணக்கு."

பெரியதை நானா தன் சொந்தக்காரன் யாருக்கோ ஒளித்து வைக்கிறார் என்று றொபிக்குப் பட்டது.

"விக்க விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க நானா. நான் சந்திக் கடைக்குப் போறன்."

நானா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பூட்டித் தாறன். நீங்களே ஓடிப் பாருங்க."

பெரிய கார்ட் ஏறியது. திரையைப் பார்த்ததும் றொபி வாயைப் பிளந்தான். றோட்டில் கிடந்த மழைத்தண்ணி மினுங்கியது. அதில் கார்களின் வெளிச்சம் அசைந்தது. ஒரு சுற்று முடிந்தும் படம் இழுக்கவே இல்லை.

"ஓடுதே!" துள்ளி எழும்பினான். "சும்மா என்னைப் பேய்க்காட்டினீங்க. கட்டித் தாங்க நானா, பஸ்ஸுக்குப் போகோணும்."

காசை எடுத்து மேசையில் வைத்தான். நானா காசையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. அது முடியும்வரை அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒரு சுத்து ஓடுங்க தம்பி" என்றார் பிறகு.

"ஏன்? அதுதான் ஓடுதே!"

"ஓடுங்க. போட்டி ஒரு சுத்தோட முடியிறதில்லயே."

முணுமுணுத்துக்கொண்டே ஓடினான். கடைசி வளைவில் காரை முழு வேகத்தில் திருப்பியதுதான் தாமதம், 'டக்' என்று திரை கறுத்தது. மூன்று விசிறியும் நின்றன.

"இது ஞாயிற்றுக்கிழமை நடந்திருந்தா?" என்றார் நானா.

 அப்பா மாதா படத்தோடு றொபியின் கண்முன் வந்து போனார்.

"எங்கட வள்ளத்துக்குப் பெரிய என்ஜினைப் பூட்டினா முன் அணியம் தூக்கி, பின்பக்கம் தண்ணிக்க தாண்டுடும். அது தெரிஞ்ச நான்... மன்னிச்சுக்கொள்ளுங்க நானா."

சின்னக் கார்ட் ஏறியது. மழைத்தண்ணி அவ்வளவு மினுங்கவில்லை. ஆனால் எத்தனை சுற்று ஓடியும் பெட்டி அசரவில்லை.

"கேம் செட்டிங்கில நிழலைக் குறைச்சு வையுங்க, இன்னும் பறக்கும்" என்றார் நானா. "அழகு பாக்கவா ஓடுறீங்க?"

றொபிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "நான் வெண்டா உங்களுக்கு முழுப் பாரை மீன் ஒண்டு கொண்டந்து தருவன். சத்தியமா!"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எத்தாளையில் பாதிப் பேர் றொபி வீட்டில்தான். கடைசிச் சுற்றுவரை கருவாடுதான் முன்னால். கடைசி வளைவு வந்தது. போன வருடம் கழுத்தறுத்த அதே வளைவு. படம் இழுக்கவில்லை. றொபி உள்பக்கத்தால் காரை நுழைத்து, ஒரு மூக்கு முன்னால் கோட்டைத் தாண்டினான்!

வீடு அதிர்ந்தது. வெளியே சீன வெடி வெடித்தது. "என்ர மகன்டா!" என்று நிக்கொலஸ் அவனைக் கதிரையோடு தூக்கினார். இறக்கி வைத்த கையோடு மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்ற ஓடினார்.

ஆரவாரத்துக்கு நடுவே திரையில் கருவாட்டிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

"மாஷா அல்லாஹ், நல்ல ஓட்டம். அண்டைக்கு இன்னும் ஒரு சுத்து ஓடச் சொல்லாம விட்டிருந்தா, இண்டைக்கு நான்தான் கொழும்புக்குப் போயிருப்பன். சரி தம்பி, பாரை எப்ப வருது?"