திரைக்கு முதுகு

திரையின் ஓரத்தில், வெளியேறும் கதவை ஒட்டி அவர் நின்றிருந்தார். திரைக்கு முதுகு. கூட்டத்துக்கு முகம்.

இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"ஸ்டூல் கொண்டாரட்டுங்களா சார்? எத்தனை நேரந்தான் இப்படியே நிப்பீங்க?" என்றார் டிக்கெட் கிழிக்கும் சின்னராசு.

வேண்டாம் என்று கையசைத்தார்.

முப்பத்தொரு வருடமாக, படம் வெளியாகும் முதல் நாள் இப்படித்தான். தயாரித்தது பதினான்கு படம். மூன்று ஓடின, மற்றவை ஊர்ந்தன. ஒன்றைக்கூட அவர் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. முகங்களைத்தான் பார்ப்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் பல் தெரிகிறதா? அழ வேண்டிய இடத்தில் யாராவது மூக்கை உறிஞ்சுகிறார்களா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு தியேட்டர் போதும், தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்.

இப்போது அது இன்னும் சுலபம். இருட்டில் ஒரு முகம் பளிச்சென்று நீலமாகும். செல்போனை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்த சீன் செத்தது.

ஆனால் இன்று அவர் கோயம்புத்தூர் வரை வந்தது படத்தின் தலையெழுத்தைப் பார்க்க அல்ல. ஒரே ஒரு முகத்தைப் பார்க்க.

ஜி வரிசை, பதினொன்றாம் இருக்கை. மகள் மஞ்சரி.

டிக்கெட்டை அவர்தான் போனில் அனுப்பியிருந்தார். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. மனசு கேட்கவில்லை. விடிவதற்குள் சென்னையிலிருந்து காரை எடுத்துவிட்டார்.

வந்திருந்தாள். தனியாக.

பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை. பாப்கார்னோடு வந்த ஒருவன் கேட்டபோது, ஆள் வருது என்று சைகை காட்டி அனுப்பினாள். மாப்பிள்ளையாக இருக்கும். இதுவரை வரவில்லை.

தன்னைப் பார்த்தாளா? தெரியவில்லை. பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பதில் அவள் அப்படியே அம்மா.

இன்னும் இரண்டு நிமிடத்தில் அந்த சீன் வரும்.

அது நிஜத்தில் நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் ஓட்டத்தில் முதல் பரிசு. வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். தலையில் கை வைத்துச் சத்தியம் வேறு.

அன்றைக்குத்தான் அவருடைய இரண்டாவது படம் வெளியானது. யாரோ மதுரையில் கூட்டம் அள்ளுகிறது என்றார்கள். எல்லாம் மறந்துபோயிற்று. ஓடினார். அங்கே ஒரு தியேட்டரில், இதே மாதிரி கதவோரம், ஊரார் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெற்ற பிள்ளை கப்போடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். இருட்டும்வரை. வாட்ச்மேன் தன் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாராம். அவரே வீட்டிலும் கொண்டுவந்து விட்டாராம். மனைவி இதை ஒரே ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு மாதம் பேசவில்லை.

மஞ்சரி இந்த இருபத்தெட்டு வருடத்தில் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவரும் கேட்டதில்லை. மன்னித்துவிடு என்பது நாக்கு நுனி வரை வரும். வெளியே வரும்போது "சாப்பிட்டியா?" என்று மாறிவிடும்.

அதனால்தான் பதினான்கு படத்தில் முதல்முறையாகக் கதையில் கை வைத்தார். தெரிந்தவர் வீட்டில் நடந்தது என்று இயக்குநரிடம் சொன்னார்.

"கடைசில அப்பா வர்றாரா சார்?"

"வரலை."

எடிட்டிங்கில் தூக்கிவிடலாம் என்றார்கள். அந்த இடத்தில் படம் தொங்குகிறதாம். தொங்கட்டும் என்றார்.

முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது.

கால் மாற்றுவதை நிறுத்தினார்.

மஞ்சரி திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் இமைக்கவில்லை.

பார், தாயே. பார்.

"இந்தாம்மா, பன்னு" என்றது வாட்ச்மேன் குரல்.

அவள் குனிந்தாள். கைப்பைக்குள் துழாவினாள்.

முகம் நீலமானது.

ஐயோ. எந்த சீனில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே, இதிலா? போச்சு. எல்லாம் போச்சு. இத்தனை பேரை வைத்து, இத்தனை நாள் படமெடுத்தும் பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட நினைத்தார். கைப்பிடி வேர்வையில் வழுக்கியது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

'நின்னது போதும்ப்பா. இங்க வாங்க. பக்கத்து சீட்டு உங்களுக்குத்தான் எடுத்தேன்.'

நிமிர்ந்து பார்த்தார்.

கைப்பை அவள் மடியில் இருந்தது.

இருட்டில் யார் யார் காலையோ மிதித்தார். ஒருவர் திட்டினார். உட்கார்ந்தார். திரையில் சிறுமி கப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

மஞ்சரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் குடுத்தது பன்னு இல்லப்பா" என்றாள். "பாதி முறுக்கு."