புயல்முகனின் மாமனார்

"நான் இருக்கேன். உங்கம்மா இருக்கா. மச்சான் இருக்கார். நீ இருக்கே. படம் போடற இவரும் வந்தாச்சு. விசாரணை முடியறவரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகக்கூடாது!"

ஓய்வுபெற்ற நீதிபதியான அப்பாவுக்கு இப்போது வீட்டுக் கூடம்தான் நீதிமன்றம். மேசைமேல் சாட்சிப் பொருளாக 'புயல்முகன்' காமிக்ஸ் இதழ்கள் அடுக்கியிருந்தன.

மகள் பல் மருத்துவர். பல்வலி என்று வந்த ஓவியர் வலி தீர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். விஷயம் கல்யாணம்வரை வந்துவிட்டது. இன்று எப்படியாவது அப்பா வாயிலிருந்து சம்மதம் வந்தாகவேண்டும். வந்ததோ விசாரணை.

"கதாநாயகி பல் டாக்டர். போகட்டும், ஊரில பல் டாக்டருக்கா பஞ்சம்? ஆனா அவ அப்பன்?" அப்பா ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். விறைப்பான கிழவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி, முதுகு வளையாமலே விழுந்துகொண்டிருந்தார். "மீசையைப் பாரு, ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி! பனியனுக்கும் இஸ்திரி போடுவானாம். எங்கே கைதட்டினாலும் தனக்குத்தான்னு எழுந்து நிப்பானாம். பறந்து வந்து காப்பாத்தினவனைப் பார்த்து, 'கீழே இறங்கி முறையா அனுமதி கேளு'ங்கறானாம்!"

அம்மா ஓர் இதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மாமா சோபாவோடு சேர்ந்து குலுங்கினார்.

"சிரிக்காதீங்க மச்சான்! இஸ்திரி விஷயம் இந்த வீட்டைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளுக்குள்ளேயே யாரோ உளவு சொல்றாங்க."

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் அம்மா. "நானா இருந்தா உங்க குறட்டையையும் சேர்த்திருப்பேன்."

அப்பா ஓவியர் பக்கம் திரும்பினார். "கதை எழுதறது யாரு?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார். நான் படம் மட்டும்தான்."

"கடைசி இதழ்ல என்ன கூத்து அடிக்கப்போறீங்க?"

"முடிவு இன்னும் என் கைக்கு வரலே சார்."

"அப்படியா? பேரைச் சொல்லுங்க, என் பொண்ணைக் கட்டிக்கலாம். சொல்லாட்டி, வாசல் அந்தப் பக்கம்."

மகள் ஓவியரின் காலை மிதித்தாள். "சொல்லித் தொலைங்களேன்!"

அவர் வலியோடு தலையை ஆட்டினார். மாட்டாராம்.

"அத்தான், வெளியில என்ன பேச்சு தெரியுமா?" மாமா குரலைத் தாழ்த்தினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "எழுதறது ஒரு பொம்பளையாம். சனிக்கிழமையானா இவர் அங்கேதான் போறாராம்."

மகளுக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமைகளில் நூலகம் போவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்.

"பொண்ணா?" என்றாள்.

"என்னை நம்பு. இவ்வளவுதான் சொல்ல முடியும்." ஓவியர் எழுந்துபோய் வாசலில் செருப்பைத் தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது.

ஊரில் உள்ள வாயையெல்லாம் திறக்கவைத்துப் பார்ப்பவள் அவள். திறக்காத வாயை இன்றுதான் பார்த்தாள். கோபமாக வந்தது, கூடவே, நம்பலாம் போலவும் இருந்தது.

"அவர் சொல்லவேண்டாம்பா. நானும் இனிமே கேட்கமாட்டேன். அவர் போனா நானும் கூடப் போறேன்."

அவளும் செருப்பைத் தேடத் தொடங்கினாள். அம்மா இதழை மடித்துக் கீழே வைத்தாள்.

அப்பா எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உள்ளே வாங்க, மாப்பிள்ளை! பொண்ணு கிடைக்கும்னு ஆசை காட்டியும் கொடுத்த வாக்கை விடலே. இந்தக் குடும்பத்துக்கு அது போதும்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அந்தப் பொம்பளை, அத்தான்?"

"பரப்பினவர் நீங்கதானே, நீங்களே போய்த் திருத்திச் சொல்லுங்க," என்றார் அப்பா, விறைப்புக் குறையாமல். "புயல்முகனை எழுதறது பொம்பளை இல்லே. ஓய்வுபெற்ற நீதிபதி."