கோணல் வகிடு

முடக்குவாதத்தால் தேய்ந்த அவளுடைய தோள்மூட்டை மாற்றி ஓராண்டாகியிருந்தது. பலன் எப்படி என்று டாக்டர் கேள்வி கேட்டு, படிவத்தில் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேல்தட்டு டப்பாவை எடுக்க முடியுதாம்மா?"

"முடியுது டாக்டர்."

"தலை வாரிக்க?"

"அதுமட்டும் முடியல. இவர்தான் வாரி விடறார்."

டாக்டரின் முகம் வாடியது. "அப்ப தோளை மறுபடி திறந்துதான் பார்க்கணும்."

பக்கத்திலிருந்த கணவர் பதறினார். "வேண்டாம் டாக்டர்! நல்லாவே வாரிக்கிறா. நான் ஆபீஸ் கிளம்பினதும் என் கோணல் வகிட்டைக் கலைச்சிட்டு, அவளே அழகா வாரிக்கிறா. ஜன்னல் வழியா பார்த்திருக்கேன்."

அவள் முகம் சிவந்தது. "ஏங்க, தெரிஞ்சுமா தினமும் வாரி விட்டீங்க?"

"நீ ஆசையா சீப்பை நீட்டுறப்போ எப்படிடி மாட்டேன்னு சொல்றது?"

டாக்டர் சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டார். 'பிறர் உதவி' என்ற கட்டத்தில், 'தேவையில்லை. ஆனாலும் தொடரவும்' என்று எழுதினார்.