பெட்டியின் இரைச்சல்

"கேக்குது சார். உய்ங்குன்னு மெல்லிசா இழுக்குது," என்றார் குழந்தைவேல், தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கண்ணைத் திறக்காமலே.

கோபாலகிருஷ்ணன் மீட்டரைப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தும் பார்த்தார். பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

லீவு நாளையெல்லாம் தின்று, வீட்டில் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டு, அவர் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர் அது. பிள்ளையார் கோயில் விழாவுக்கு இந்த வருடம் அதுதான் என்று கமிட்டி பாதி சம்மதித்திருந்தது. மீதிச் சம்மதம் குழந்தைவேலின் காதில் இருந்தது.

அவர்கள் குடியிருந்த பிளாக்கில் அது எழுதாத சட்டம். ரேடியோவோ டேப் ரெக்கார்டரோ, குழந்தைவேல் உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டினால்தான் வாங்குவார்கள். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தும், அந்த மனுஷனுக்குப் பாட்டில் ஒரு தந்தி பிசிறினால் தெரிந்துவிடும்.

மீட்டர் பொய் சொல்லாது. குழந்தைவேலும் பொய் சொல்கிற ஆள் இல்லை. பிறகு எதைத்தான் நம்புவது?

கேட்கக் கேட்கக் கோபாலகிருஷ்ணனுக்கே ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஒயரில் இருக்குமோ என்று சுவரோரம் போனவர், பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"இப்ப?"

"இப்பவும்தான் சார்."

ஜெயித்தாயிற்று. கையிலிருக்கும் பிளக்கைத் தூக்கிக் காட்டினால் போதும், மேடை அவருடையது. தூக்கியும்விட்டார்.

அப்போதுதான் சமையற்கட்டு வாசலில் குழந்தைவேலின் மனைவி அமிர்தம் நிற்பதைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தும் அவள் ஆச்சரியப்படவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கை தானாக இறங்கியது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

கோளாறு பெட்டியில்தான், எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. குழந்தைவேல் கண்ணைத் திறந்து சிரித்தார். ஒரு பெட்டியைத் தோற்கடித்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கோபாலகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது.

பெட்டியும் கையுமாக வாசல் கேட்டுக்கு வந்தபோது, அமிர்தம் பின்னாலேயே வந்தாள்.

"அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு அவரு வூடெல்லாம் தேடிக்கினு இருக்காரு சார். ஃபேனு, லைட்டு, எல்லாத்தையும் நிறுத்திப் பாத்துட்டோம். பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு அழுவுறாரு. இன்னிக்குத்தான் இந்தப் பெட்டியிலேர்ந்து வருதுன்னு கொஞ்சம் தெளிஞ்சாரு. இத நீங்க எடுத்துக்கினு போயிட்டா அவரு என்னங்க பண்ணுவாரு?"

கோபாலகிருஷ்ணன் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார். ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியவில்லை. பாவமாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

திரும்பி உள்ளே போனார். பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மெட்ராஸிலிருந்து பார்ட் வருகிறவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும், அதுவரை அந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று குழந்தைவேலிடம் சொன்னார்.