மூன்றாம் படி

தையற்கூடத்து மாடிப்படியில் காலை வெயில் சாய்வாக விழுந்திருக்கிறது. சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுப்பவள் தோளில் சாப்பாட்டுப் பையோடு ஏறுகிறாள். அவள் போனில் டேட்டா கிடையாது. “கூடத்து வைஃபை இருக்கையில அதுக்கு வேற தண்டம் அழணுமா?” என்பாள். வீட்டில் பேசி அனுப்புவதெல்லாம் குட்டிக் கடிகாரக் குறியோடு போனுக்குள்ளேயே காத்துக் கிடக்கும். மூன்றாம் படியில் வைஃபை எட்டியதும்தான் கிளம்பும். மூன்றாம் படியில் பை கிணுகிணுக்கிறது. போனை எடுக்கிறாள். ராத்திரி தம்பி எழுதியிருக்கிறான்: “அக்கா, கோவிச்சுக்காத. அம்மா கண் ஆபரேஷனுக்குக் கம்பெனில லீவு தரமாட்டேன்னுட்டாங்க. சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டேன். ஊருக்கு வர்ற பஸ்ல இருக்கேன்.” அதற்குக் கீழே, அவன் ஆபரேஷனுக்கு வரமாட்டான் என்று நினைத்து நேற்று அடுப்படியில் நின்று அவள் கொதித்த குரல் கிடக்கிறது: “பெத்தவளுக்கு ஆகாதவன் எனக்கும் ஆக வேணாம். இனிமே என் வாசப்படி மிதிக்காத.” பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிட்டது. காலையில் அழித்துவிடலாம் என்று படுத்தவள், எழுந்த அவசரத்தில் மறந்துபோனாள். கடிகாரக் குறி மறைகிறது. ஒரு டிக், உடனே இரண்டு டிக். “போகாத, போகாத” என்கிறாள் போனிடம். அழிக்கப் பார்க்கிறாள்; கட்டைவிரலில் ஊசி குத்தியதற்குச் சுற்றிய துணியைத் திரை மதிக்கவில்லை. டிக் நீலமாகிறது. எங்கோ ஒரு பஸ்ஸில் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். துணியைப் பல்லால் இழுத்துப் பிய்த்துவிட்டு மைக்கை அழுத்துகிறாள். “தம்பி, அது நேத்துப் பேசினதுடா. பஸ்ஸ விட்டு எறங்கிடாத.” மேலே மிஷின்கள் ஓடத் தொடங்குகின்றன. ஒரு டிக் விழுகிறது. இரண்டாவது விழவில்லை.